வேலை கிடைத்தால் குடி நின்றுவிடுமா?

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸிலிருந்து ஒரு வாசகி மூன்று பக்கங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 46. பாலர் பள்ளி ஒன்றில் வேலை. காலை ஆறரைக்கு வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுவார். கணவருக்கு 52. மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் 19 ஆண்டுகள் இருந்தவர்; கடைசிப் பதினோரு ஆண்டுகள் நிரந்தர இரவு ஷிப்ட், மாலை 7 முதல் காலை 7 வரை. நான்கு மாதங்களுக்கு முன் ஆட்குறைப்பில் வேலை போய்விட்டது. ஈட்டுத்தொகையாக 38,000 வெள்ளி வந்தது. வேலையில் இருந்த காலத்தில், கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் புளோக்குக்குக் கீழே உள்ள காப்பிக்கடையில் நண்பர்களோடு ஒரு பெரிய பாட்டில் பியர் குடித்துவிட்டு வந்து படுப்பார். இப்போது காலையில் இரண்டு பாட்டில், மாலையில் வீட்டிலேயே கால் பாட்டில் விஸ்கி. தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டு விரதத்துக்காகக் குடியை ஒரேயடியாக நிறுத்தினார். இரண்டாம் நாள் கை நடுங்கியது, சட்டை நனைய வியர்த்தது. மூன்றாம் நாள் இரவு சுவரில் எறும்பு ஊர்கிறது என்று கையால் தட்டிக்கொண்டே இருந்தார். மாமியார், முருகன் சோதிக்கிறார் என்றார். விடிந்ததும் கணவர் கீழே போய்க் குடித்தார். எறும்புகள் காணாமல் போயின.

இப்போது கணவரின் சித்தப்பா மகன் ஒரு கொண்டோமினியத்தில் இரவுநேரப் பாதுகாவலர் வேலை பார்த்து வைத்திருக்கிறார். ஊரிலிருக்கும் நாத்தனார், சோற்றில் கலந்து கொடுத்தால் குடியை மறக்கச் செய்யும் என்று ஒரு பொடியை அனுப்பியிருக்கிறார். வாசகி கேட்பது: அந்த வேலையில் சேர்ந்தால் குடி தானாக நிற்கும் அல்லவா? பொடியைக் கொடுக்கலாமா? மனநலக் கழகத்துக்குப் போனால் பெயர் பதிவாகி, அடுத்த வேலைக்கே வேட்டு வைத்துவிடாதா?

சகோதரி,

பொடியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் இதைப் படிக்கும் நாளிலேயே யாராவது அதைப் பிரித்துவிடக்கூடும். கொடுக்காதீர்கள். அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. "அவருக்குத் தெரியாமலே கொடுக்கலாம்" என்று விற்கப்படும் பொடிகளில் சிலவற்றில் டைசல்ஃபிரம் என்ற மருந்து இருப்பதுண்டு. அது மருத்துவர்கள் பயன்படுத்தும் நல்ல மருந்துதான். ஆனால் அது உடம்பில் இருக்கும்போது மது உள்ளே போனால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் சரியும். சிலருக்கு உயிரே போகும். அதனால்தான் மருத்துவர்கள் நோயாளியிடம் விளக்கிச் சொல்லி, அவர் சம்மதித்த பிறகே கொடுக்கிறார்கள். உங்கள் நாத்தனார் அன்பினால்தான் அனுப்பியிருப்பார். ஆனால் காலையில் இரண்டு பாட்டில் பியர் குடித்துவிட்டு வருபவரின் மதியச் சோற்றில் அதைக் கலப்பது, அடுப்பு எரியும்போது எரிவாயுக் குழாயைக் கழற்றுவது போன்றது.

இனி உங்கள் முதல் கேள்வி.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில்தான் என் கண் நின்றது. "வேலை போய் நாலு மாதமாகியும் ராத்திரி முழுவதும் டிவியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு ஹாலில் உட்கார்ந்திருக்கிறார். காலை ஏழே முக்காலுக்கு, பஸ் வரும் அதே நேரத்துக்குக் கீழே இறங்கி, அதே மேசையில் போய் உட்கார்கிறார்." வேலை போய்விட்டது, ஷிப்ட் இன்னும் முடியவில்லை. உங்கள் கணவரின் உடம்பு நான்கு மாதங்களாகச் சம்பளம் இல்லாமல் இரவு ஷிப்ட் பார்த்துக்கொண்டிருக்கிறது.

வேலை இருந்தவரை அவர் கட்டுப்பாட்டோடு குடித்தார், வேலை போனதால் கெட்டுப்போனார் என்று நீங்கள் எழுதுகிறீர்கள். நான் அதைச் சற்று வேறு விதமாகப் பார்க்கிறேன். வேலை அவருடைய குடியைத் தடுக்கவில்லை. குடிக்கு ஒரு நேர அட்டவணை போட்டுக் கொடுத்திருந்தது, அவ்வளவுதான். பதினோரு ஆண்டுகள் வெயில் ஏறும் நேரத்தில், மேல்வீட்டில் சுவரைத் துளைக்கும் சத்தத்துக்கு நடுவில், தூங்க வேண்டிய ஒரு மனிதர் அவர். பியர் அவருக்குத் தூக்க மாத்திரை. மது சீக்கிரம் தூங்க வைக்கும் என்பது உண்மை. ஆனால் அது தூக்கத்தில் கனவு வரும் கட்டத்தை அமுக்கிவிடும். மூன்று நான்கு மணி நேரத்தில் மதுவின் பிடி தளர்ந்ததும் தூக்கம் கலைந்துவிடும். பிறகு பாதித் தூக்கத்தோடு வேலை, விழித்திருக்கக் காப்பி, மறுநாள் காலை மறுபடி பியர். ஒரு பாட்டிலில் நின்றதற்குக் காரணம் மாலை ஏழு மணிக்குக் கார்டு தட்ட வேண்டும் என்பதுதான். அந்த ஏழு மணி போனதும் குடி நாள் முழுவதும் பரவிவிட்டது.

2015இல் இங்கே வந்த மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை பொது இடங்களில் குடிப்பதையும் கடைகளில் மது வாங்கிச் செல்வதையும் தடுக்கிறது. ஊர் தூங்கும் நேரத்தைக் கணக்கிட்டுப் போட்ட சட்டம். இரவு ஷிப்ட்காரருக்கோ அந்தத் தடை விலகும் காலை 7 மணிதான் வேலை முடியும் நேரம், அதாவது அவருடைய மாலை. யாரையும் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. காலை எட்டு மணிக்குப் பியர் குடிப்பவரைப் பார்த்து முகம் சுளிக்கும் நாம், இரவு எட்டு மணிக்குக் குடிப்பவரைப் பார்த்துச் சுளிப்பதில்லை. அந்த முகச்சுளிப்பும் அவரை அதே மேசைக்குத்தான் திருப்பி அனுப்பியிருக்கும்.

நீண்ட நேர வேலைக்கும் குடிக்கும் தொடர்பு உண்டா என்று உலகெங்கும் ஆராய்ந்திருக்கிறார்கள். 2015இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு, வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்பவர்களிடம் ஆபத்தான குடிப்பழக்கம் புதிதாகத் தோன்றும் வாய்ப்பு ஏறத்தாழ 12 விழுக்காடு கூடுதல் என்று கண்டது. பெரிய எண் அல்ல. வேலைதான் அவரைக் குடிகாரராக்கியது என்று தீர்ப்பு எழுத அது போதாது; அவரோடு வேலை பார்த்த பலர் பியரைத் தொட்டிருக்க மாட்டார்கள். ஆனால் வேலைக்குப் போகிறவர் குடிக்கு அடிமையாக மாட்டார் என்ற நம்முடைய பொது நம்பிக்கையை அது அசைத்துவிடுகிறது.

வேலையில்லாமை இன்னொரு வழியில் வேலை செய்கிறது. 1930களின் தொடக்கத்தில், ஆஸ்திரியாவில் மாரியன்தால் என்ற சிற்றூரில் ஒரே நெசவாலை மூடப்பட்டு ஊரே வேலையிழந்தது. ஆய்வாளர்கள் அங்கே தங்கிப் பார்த்தார்கள். ஆண்களிடம் நேரம் கொட்டிக் கிடந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்துபோனது. தெருவில் நடக்கும் வேகம் குறைந்தது. பலர் கைக்கடிகாரம் கட்டுவதையே விட்டுவிட்டார்கள். பெண்களுக்கோ சமையலும் துணியும் பிள்ளைகளும் இருந்ததால் நாள் சிதையவில்லை. உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது இதுதான் நினைவுக்கு வந்தது: உங்களுக்கு நேரம் போதவில்லை, அவருக்கு நேரம் போகவில்லை.

இதில் ஒரு முரணும் உண்டு. பொருளாதாரம் சரியும்போது எல்லாரும் கூடுதலாகக் குடிப்பதில்லை. காசில்லாமல் குறைப்பவர்களும் உண்டு. இருக்கிற வேலை போய்விடுமோ என்ற பயத்தில் அடக்கிக்கொள்பவர்களும் உண்டு. உங்கள் கணவர் விஷயத்தில் நேரமும் பணமும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. 38,000 வெள்ளி என்பது பத்தொன்பது ஆண்டு உழைப்பின் மரியாதை. அதையே அவர் காப்பிக்கடையில் பாட்டிலுக்கு ஏழு எட்டு வெள்ளி வீதம் கரைப்பதைப் பார்க்கும் வேதனையை நீங்கள் மூன்று இடங்களில் எழுதியிருக்கிறீர்கள்.

தைப்பூசத்தின்போது நடந்தது என்ன

அது சோதனை அல்ல, சகோதரி. அது மது விலகலின் அறிகுறி. மூளை பல ஆண்டுகளாக மதுவின் அமுக்கத்துக்குப் பழகி, அதை எதிர்த்துத் தன்னை முறுக்கேற்றி வைத்திருக்கிறது. மதுவைத் திடீரென்று எடுத்தால் அந்த முறுக்கு மட்டும் மிஞ்சுகிறது. கடைசியாகக் குடித்த 6 முதல் 24 மணி நேரத்துக்குள் நடுக்கம், வியர்வை, பதற்றம் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு மூன்று நாள் கழித்து, இல்லாததைப் பார்ப்பது, இடம் நேரம் குழம்புவது, காய்ச்சல், தாறுமாறான நாடித் துடிப்பு என்று முற்றினால் அது உயிருக்கு ஆபத்தான நிலை. சுவரில் எறும்பு தெரிந்த இரவில் அவர் அந்த விளிம்பில் நின்றிருக்கிறார். விடிந்ததும் குடித்தது மன உறுதி இல்லாததால் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அவருடைய உடம்பு தனக்குத் தெரிந்த ஒரே மருந்தைத் தேடிப் போயிருக்கிறது.

"பியர்தானே, விஸ்கி கொஞ்சம்தான்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 633 மில்லி லிட்டர் கொண்ட பெரிய பாட்டில் பியரில், 5 விழுக்காடு என்றால், சுமார் 25 கிராம் தூய மது இருக்கிறது. இரண்டு பாட்டிலுக்கு 50. கால் பாட்டில் விஸ்கியில் இன்னொரு 55. நாளொன்றுக்கு நூறு கிராமுக்கு மேல். ஆண்களுக்கு நாளுக்கு 20 கிராமைத் தாண்ட வேண்டாம் என்பதே இங்கே பொதுவாகச் சொல்லப்படும் அளவு. பியரோ விஸ்கியோ, ஈரலுக்கு எல்லாம் கிராம் கணக்குதான்.

அதனால் நீங்களோ மகனோ பாட்டிலை எடுத்துத் தொட்டியில் கவிழ்க்காதீர்கள். வீட்டில் பூட்டி வைத்து நிறுத்தப் பார்க்காதீர்கள். அவரே நாளை மனம் மாறி "இன்றோடு விட்டேன்" என்றாலும், மருத்துவர் பார்க்கும் வரை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். குடியை நிறுத்தாதே என்று ஒரு ஆலோசகர் எழுதுவது விசித்திரமாக இருக்கலாம். ஆனால் நிறுத்த வேண்டிய இடம் மருத்துவமனை. அங்கே சில நாள் மருந்து கொடுத்துப் படிப்படியாக இறக்குவார்கள், பி1 வைட்டமின் கொடுப்பார்கள், வலிப்பு வராமல் பார்த்துக்கொள்வார்கள். பிறகு குடிக்கும் ஏக்கத்தைத் தணிக்க நால்ட்ரெக்சோன், அகாம்புரோசேட் போன்ற மருந்துகள் உண்டு; அவருக்கு எது பொருந்தும் என்று ஈரலையும் சிறுநீரகத்தையும் சோதித்துவிட்டு முடிவு செய்வார்கள். பால்குடத்தை அடுத்த தைப்பூசத்துக்கு எடுக்கட்டும். முருகன் காத்திருப்பார்.

பெயர் பதிவாகும் என்ற பயம்

இந்தப் பயத்தாலேயே எத்தனையோ குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே கிடந்து அவதிப்படுவதைப் பார்த்திருக்கிறேன். பாதிப் பயம் போதைப்பொருள் சட்டத்திலிருந்து வருகிறது. போதைப்பொருளுக்கு அடிமையானவரைப் பற்றி மருத்துவர் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை உண்டு. மதுவுக்கு அப்படி எதுவும் இல்லை. மது விற்பதும் குடிப்பதும் சட்டப்படியானவை; அதற்குச் சிகிச்சை பெறுவது இரத்தக் கொதிப்புக்குச் சிகிச்சை பெறுவது போல மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையிலான விஷயம். மருத்துவமனை, முதலாளிக்குக் கடிதம் எழுதாது. வேலை விண்ணப்பத்தில் மனநோய் உண்டா என்று கேட்பதும், அந்த வேலைக்கு அது உண்மையிலேயே தேவைப்பட்டாலொழிய, கூடாது என்று 2020 முதல், அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து வகுத்த முத்தரப்பு வழிகாட்டி நெறிகள் சொல்கின்றன.

பதிவைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, பணியிடத்தில் வாயில் மது வாடையோடு பிடிபடுவது. அதற்குப் பிறகு எந்தச் சித்தப்பா மகனாலும் உதவ முடியாது.

போக வேண்டிய இடம் புவாங்கோக்கில் மனநலக் கழகத்துக்குள் இருக்கும் நேம்ஸ் எனப்படும் போதைப் பழக்கச் சிகிச்சைப் பிரிவு. 2008 முதல் இயங்குகிறது. மது, சூதாட்டம், போதைப்பொருள் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். உதவி எண் 6732 6837. குடிப்பவர்தான் அழைக்க வேண்டும் என்பதில்லை, நீங்களே அழைத்துப் பேசலாம். தமிழ் பேசும் ஆலோசகர் வேண்டும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் பெற்றுப் போனால் கட்டணம் குறையும். மருத்துவமனைச் சூழல் வேண்டாம் என்று அவர் முரண்டு பிடித்தால் வீ கேர் என்ற சமூகச் சேவை அமைப்பு இருக்கிறது. குடும்பத்தாருக்கும் ஆலோசனை தருகிறார்கள். ஆனால் முதல் கட்டத்தில் மருத்துவரைத் தவிர்க்க முடியாது. காரணத்தை மேலே சொல்லிவிட்டேன்.

அந்தப் பாதுகாவலர் வேலை

சேரச் சொல்லலாமா? இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. வேலை வேண்டாம் என்று சொல்லவில்லை. மாதக்கணக்கில் சும்மா இருப்பதும் அவரைத் தின்றுவிடும். இந்த வேலை, இந்த நேரத்தில், வேண்டாம்.

நினைத்துப் பாருங்கள். இரவு பன்னிரண்டு மணி நேரம், தனியாக ஒரு சாவடி. பக்கத்தில் பேசக்கூட ஆள் இல்லை. விடிந்ததும் வெளியே வந்தால் பழைய ஏழே முக்கால், பழைய மேசை. பதினோரு ஆண்டுகள் அவரைக் குடியோடு கட்டிப்போட்ட அதே அட்டவணையைக் கையில் கொடுத்து, இந்த முறை நீ குடிக்காதே என்கிறோம். அதுவும் உடம்பு மதுவுக்கு அடிமையாக இருக்கும்போது. பன்னிரண்டு மணி நேரம் குடிக்காமல் இருந்தால் பாதி ஷிப்டிலேயே கை நடுங்கத் தொடங்கும். நடுக்கத்தை நிறுத்தப் பைக்குள் ஒரு சிறிய பாட்டில் போகும். பிறகு என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சித்தப்பா மகனிடம் நன்றி சொல்லி, ஆறு வாரம் கழித்துப் பகல் ஷிப்ட் ஏதாவது வந்தால் சொல்லுங்கள் என்று கேளுங்கள். பாதுகாவலர் வேலையிலும் பகல் ஷிப்ட் உண்டு. பள்ளிக்கூடங்கள், அலுவலகக் கட்டடங்கள், பழுதுபார்ப்புப் பணிகள் என்று மனிதர்களோடு புழங்கும் பகல் வேலை எதுவானாலும் இரவுச் சாவடியைவிட மேல், இருநூறு முந்நூறு வெள்ளி குறைந்தாலும். கையில் பணம் கரைந்து, கண்ணெதிரே இருப்பது இரவு வேலை மட்டும்தான் என்ற நிலை வந்தால்? சிகிச்சை முடிந்து, மருந்து தொடரும் நிலையில், ஷிப்ட் முடிந்ததும் அவரை யார் எதிர்கொள்வது, எந்த வழியாக வீடு வருவது என்பதுவரை பேசி வைத்துக்கொண்டு சேரலாம். அதற்கு முன் அல்ல.

அந்த ஆறு வாரத்துக்குச் சோறு எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம் 2025 ஏப்ரலில் தொடங்கியது. தன் விருப்பமின்றி வேலையிழந்த, மாதச் சராசரி வருமானம் 5,000 வெள்ளியைத் தாண்டாத குடிமக்களுக்கு, ஆறு மாதம் வரை, மொத்தம் 6,000 வெள்ளி வரை கிடைக்கும். முதல் மாதம் அதிகபட்சம் 1,500. பிறகு படிப்படியாகக் குறையும். அவர் குடிமகன், கடைசிச் சம்பளம் இரவுப் படியோடு 3,400 என்று எழுதியிருக்கிறீர்கள். வேறு சில நிபந்தனைகளும் உண்டு. அவை பொருந்துகின்றனவா என்று பார்த்துவிட்டு உடனே விண்ணப்பியுங்கள், தள்ளிப்போடாதீர்கள். மாதாமாதம் விண்ணப்பம் போடுவது, பயிற்சிக்குப் போவது, வேலை ஆலோசகரைச் சந்திப்பது என்று சில காரியங்களைச் செய்து காட்ட வேண்டும். மற்றவர்கள் இதைத் தொல்லை என்பார்கள். உங்கள் கணவருக்கு இது பணத்தைவிடப் பெரிய உதவி. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு ஓர் இடத்துக்குப் போக வேண்டும் என்பது நான்கு மாதங்களாக அவருக்கு இல்லாமல் போன ஒன்று. இன்னொன்று: தானாக விலகுபவர்களுக்கு இந்தத் திட்டம் கிடையாது. அவசரப்பட்டு இரவு வேலையில் சேர்ந்து, பத்தே நாளில் அவரே விட்டுவிட்டு வந்தால், இந்தக் கதவும் சாத்திக்கொள்ளக்கூடும்.

ஈட்டுத்தொகை அவருடைய பணம். பிடுங்கி வைத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை இல்லை. பர்ஸை ஒளித்து வைப்பதால் உங்கள் வீட்டில் நடப்பது கண்ணாமூச்சிதான். அவர் தெளிவாக இருக்கும் நேரத்தில், மிச்சப் பணத்தில் பெரும்பகுதியை இருவரும் கையெழுத்திட்டால்தான் எடுக்க முடியும் என்ற கணக்கில் போடலாமா என்று கேளுங்கள். மகனின் படிப்புக்கு என்று சொன்னால் சம்மதிப்பார் என்று தோன்றுகிறது. மாதச் செலவு உண்மையிலேயே இடித்தால் சமூகச் சேவை அலுவலகமும், இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவும் இருக்கின்றன; கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

எப்போது, எப்படிப் பேசுவது

இரவு அவர் விஸ்கியோடு இருக்கும்போது நீங்கள் அழுதுகொண்டே பேசுவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் பேசியது எதுவும் மறுநாள் அவர் நினைவில் இருக்காது, உங்கள் நெஞ்சில்தான் தங்கும். காலை பதினொன்றிலிருந்து மூன்று வரை தூங்கி எழுகிறார் என்கிறீர்கள். எழுந்து தேநீர் குடிக்கும் நாலு மணிதான் உங்கள் நேரம். அன்று அரை நாள் விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். மகன் வீட்டில் வேண்டாம்.

குடியில் தொடங்காதீர்கள், தூக்கத்தில் தொடங்குங்கள். "நாலு மாதமாக ராத்திரியில் நீங்கள் கண்ணே மூடவில்லை. விரதத்தின்போது கை நடுங்கியதையும் பார்த்தேன், பயந்துபோனேன். டாக்டரைப் பார்ப்போம், நானும் கூட வருகிறேன்." இவ்வளவு போதும். இதில் பொய் ஏதும் இல்லை. "குடிகாரர்" என்ற சொல் வேண்டாம், வேலை என்ற சொல்லும் வேண்டாம். அவருக்கே தூக்கமின்மை ஒரு தொல்லை. அதற்கு உதவி கேட்பதில் மானக்கேடு இல்லை. மருத்துவரிடம் மட்டும் அளவை ஒளிக்காமல் சொல்லச் சொல்லுங்கள், இரண்டு பாட்டில், கால் பாட்டில் என்று. அளவு தெரியாமல் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தால் மதுவோடு சேர்ந்து அது பெரும் ஆபத்து.

முதல் முறை அவர் எழுந்து போய்விடலாம். கத்தலாம். பத்து நாள் கழித்து மறுபடி ஒரு நாலு மணிக்குக் கேளுங்கள். அதற்கிடையில் ஒன்றை நிறுத்த வேண்டும். வேலை நேர்காணலுக்கு அவர் போகாத அன்று, அவருக்குக் காய்ச்சல் என்று நீங்கள் தொலைபேசியில் சொன்னீர்களே, அதை. அடுத்த முறை அவரே பேசட்டும்.

சிகிச்சை தொடங்கிய பிறகு காலை ஏழே முக்காலுக்கு என்ன செய்வது என்பதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமான கேள்வி. அந்த நேரத்தை வெறுமையாக விட்டால் கால் தானாகக் கீழே இறங்கும். அவருக்கு முருகன் மீது பிடிப்பு இருக்கிறது. ஈசூனில் புனிதமரம் பாலசுப்பிரமணியர் கோயில் உங்களுக்கு அதிகத் தொலைவில்லை. காலை வெளிச்சத்தில் போய் வருவது இரவு ஷிப்டில் மாட்டிக்கொண்ட உடம்பின் கடிகாரத்தைப் பகலுக்குத் திருப்பவும் உதவும். கோயில் இல்லாவிட்டால் சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்கி வரட்டும். தண்டனை போலச் சொல்லாமல், உங்களுக்கு உதவி என்று கேட்டால் செய்வார்.

மகனைப் பற்றி எழுதும்போது உங்கள் கையெழுத்தே மாறியிருக்கிறது. அவன் விஸ்கியைக் கொட்டியதற்காக அப்பா தட்டை வீசியடித்தார். அவன் மேல் படவில்லை. படாததால் அது ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது. குடி நோய்தான், ஆனால் அடி வாங்குவது குடும்பத்தாரின் கடமை அல்ல. இன்னொரு முறை அப்படி நடந்தால், அல்லது நடக்கும் என்று தோன்றினாலே, 1800 777 0000 என்ற குடும்ப வன்முறை உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். உடனடி ஆபத்து என்றால் போலீஸ், 999. மாதர் சாசனத்தின்கீழ் தனிநபர் பாதுகாப்பு உத்தரவுக்கு விண்ணப்பிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அதைக் கேட்பதற்காக மணவிலக்குக் கேட்க வேண்டியதில்லை, அவரைச் சிறைக்கு அனுப்புவதாகவும் ஆகாது. பையனுக்கு இந்த ஆண்டு சாதாரண நிலை (ஓ லெவல்) தேர்வு. தேர்வு முடியும்வரை மாலைகளில் நூலகத்திலோ உங்கள் அக்கா வீட்டிலோ படிக்க ஏற்பாடு செய்யுங்கள். அப்பாவின் பாட்டிலை எண்ணுவது அவன் வேலை அல்ல என்று அவனிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கடிதத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒன்று கேட்டிருக்கிறீர்கள்: "ராத்திரி அவர் விழித்திருக்கும்போது நானும் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டுமா?" வேண்டாம். காலை ஆறரைக்கு நீங்கள் கிளம்ப வேண்டும், பிறகு நாள் முழுவதும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். போய்ப் படுங்கள். குடிக்காமல் இருக்கும் இரவில் அவருக்கு வலிப்பு வந்தாலோ, மறுபடி சுவரில் எதையோ தட்டத் தொடங்கினாலோ, நாள் கிழமை தெரியாமல் பேசினாலோ மட்டும் எழுந்து ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள். மாமியார் என்ன சொன்னாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள்.